புதிய மென்பொருளைப் புக்கிங் மேசையிலிருந்து தொடங்குங்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், புதிய மென்பொருளுக்கென அமைக்கப்பட்டிருக்கும் தனிக்குழுவினருக்கும், மதுரைக் கிளையொன்றின் புக்கிங் பிரிவிலிருந்து வணக்கம்.

நம் பார்சல் நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புக்கிங் மென்பொருளை நீக்கிவிட்டு, தீபாவளிச் சரக்கு குவியத் தொடங்குவதற்குள் புதியதைக் கொண்டுவரப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாற்றம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான் என்பதால் அறிவிப்பு மகிழ்ச்சியையே தந்தது. ஆனால் தலைமை அலுவலகத்தில் காட்டப்பட்ட மாதிரித் திரைகளின் படங்கள் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த மகிழ்ச்சியில் பாதி கவலையாகிவிட்டது. திரைகள் அழகாகவே இருக்கின்றன. கீழவாசலில் மாலை ஏழு மணிக்கு, லாரி புறப்படக் காத்திருக்க, மேசைக்கு முன்னால் பார்ட்டிகள் (சரக்கு அனுப்ப வரும் வாடிக்கையாளர்கள்) நெருக்கிக்கொண்டு நிற்க, அந்தத் திரைகளில் எல்.ஆர். (லாரி ரசீது) போட முடியுமா என்பதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதை அலுவலகக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், இந்த நிலை நமக்கு மட்டும் உரியதாக இல்லாததுதான். கூட்டுறவுச் சங்கம், நூற்பாலை, மருந்து மொத்த விற்பனைக் கடை, தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவு என்று மதுரையைச் சுற்றி எந்த அலுவலகத்துக்குள் போனாலும், நாள் முழுவதும் அதன் முன்னால் உட்காருபவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வாங்கப்பட்ட மென்பொருள் ஒன்றைக் காணலாம். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. படிக்கிற பலருக்கும் தங்கள் நிறுவனமே நினைவுக்கு வரும்.

மாற்றியே தீரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. இப்போதைய மென்பொருள் விசுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் வெளியிட்ட அந்தக் கருவிக்கான ஆதரவை 2008 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது. நம் கிளைகளில் இன்னும் விண்டோஸ் 7 கணினிகள் இருக்கின்றன. அதற்கான பொது ஆதரவும் 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. எழுதியவர் எங்கே போனார் என்று தெரியாத, திருத்துவதற்கு ஆள் கிடைக்காத மென்பொருளை நம்பி லட்சக்கணக்கில் பணம் புரளும் தொழிலை நடத்துவது ஆபத்து. எங்கள் கோரிக்கை, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதைப் புக்கிங் மேசையில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான்.

ஆகவே, பழையது எதைச் சரியாகச் செய்கிறது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். மாற்றத்துக்கான கூட்டங்களில் இந்தப் பேச்சு எழுவதே இல்லை. அதன் திரை சாம்பல் நிறத்தில், கட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். ஆனால் அனுபவமுள்ள கிளார்க் ஒருவர் அந்தத் திரையைப் பார்ப்பதே அரிது. எடை மேடையில் ஏறும் சிப்பத்தின் மேல் ஒரு கண்ணும், எதிரே நிற்கும் பார்ட்டியின் மேல் ஒரு கண்ணுமாக இருந்துகொண்டு, ஊர்க் குறியீட்டை அடித்து என்டர், பார்ட்டி எண்ணை அடித்து என்டர், உருப்படி, எடை, டூ-பே (கட்டணத்தைப் பெறுபவர் தருவது) என்றால் டி, பெய்டு (அனுப்புபவரே கட்டிவிட்டது) என்றால் பி, கடைசியில் எஃப்10 என்று விரல்கள் தாமாகவே ஓடும். அவர் நிமிர்வதற்குள் பிரிண்டர் கரகரவென்று எல்.ஆரைத் தள்ளத் தொடங்கிவிடும். மவுஸ் உண்டா என்றால் உண்டு. பெரும்பாலான மேசைகளில் அதன் மேல் பில் கட்டு உட்கார்ந்திருக்கும்.

மாதிரிப் படங்களிலோ தேதிக்கு ஒரு நாட்காட்டி விரிகிறது. ஊருக்கு ஒரு நீண்ட பட்டியல் இறங்குகிறது. சரக்கின் வகைக்குச் சிறுபடங்களும் கட்டண முறைக்கு வட்டப் பொத்தான்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. பதிவு முடிந்ததும் ‘வெற்றி’ என்று ஒரு பெட்டி எழும்பி வந்து, அதையும் ஓர் அழுத்து அழுத்தி மூட வேண்டியிருக்கிறது. இதன் விலை என்ன என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். கணினி வேலைக்கு ஆகும் நேரத்தை விசை விசையாகப் பிரித்து அளக்கும் முறை ஒன்றை ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் வெளியிட்டார்கள். அதன்படி, நன்றாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசைக்கு ஏறத்தாழ 0.2 வினாடியும், விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே கை மாறுவதற்கு 0.4 வினாடியும், திரையில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு 1.1 வினாடியும் ஆகும். மவுஸுக்குப் போய், சுட்டி, அழுத்தி, விசைப்பலகைக்குத் திரும்பி வர 2.1 வினாடி. ஓர் எல்.ஆரில் ஏழு இடங்களில் இப்படிப் போய்வர நேர்ந்தால் பதினைந்து வினாடி கூடுகிறது. மாலையில் 200 எல்.ஆர். போடும் கிளையில் அது ஐம்பது நிமிடத்துக்கு அருகில் வந்து நிற்கும். லாரி அந்த ஐம்பது நிமிடம் காத்திருக்காது. சரக்கு மறுநாள் வண்டிக்குப் போகும், அல்லது எல்.ஆர். இல்லாமலே வண்டி ஏறும். இரண்டில் எது நடக்கும் என்பதை நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பட்டியலும் பொத்தானும் எளிது என்று சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்: மவுஸால் செய்யக்கூடிய ஒவ்வொன்றையும் விசைப்பலகையாலும் செய்ய முடிய வேண்டும், என்டர் அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், கட்டங்களின் வரிசை, பார்ட்டி வாயால் சொல்லும் வரிசையாக இருக்க வேண்டும். எந்தப் பார்ட்டியும் முதலில் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்வதில்லை. ‘விருதுநகருக்கு அஞ்சு உருப்படி’ என்றுதான் தொடங்குகிறார்.

பழையதன் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, பார்ட்டிகளின் வரி எண்ணைப் பதிய இந்த மென்பொருளில் இடமில்லை. இப்போதைக்கு ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் அடியுங்கள், பிறகு சரிசெய்யலாம் என்றார்கள். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையேயும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளேயும், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் கட்டாயமானபோது, அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணும் அதே கட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டம் முப்பது எழுத்துகளைத்தான் ஏற்கும். வரி எண் பதினைந்து எழுத்து, நடுவில் ஒரு சாய்கோடு, இ-வே பில் எண் பன்னிரண்டு, ஆக இருபத்தெட்டு. மிஞ்சுவது இரண்டு எழுத்து. ‘கண்ணாடிச் சாமான், கவிழ்க்காதே’ என்று எழுதுவதற்காகவே வைக்கப்பட்ட கட்டம் அது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்போது அந்த எச்சரிக்கையை எல்.ஆரின் மேல் சிவப்பு மையால் கையால் எழுதுகிறோம். கார்பன் பிரதியில் அது மங்கி, இறக்கும் ஊரில் லோடுமேனின் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. உடைந்து வரும் பாத்திரப் பெட்டிகளுக்குக் கவனக்குறைவு என்று காரணம் எழுதப்படுகிறது. அந்தக் காரணத்தில் பாதியாவது அந்த முப்பது எழுத்துக் கட்டத்துக்குச் சேர வேண்டியது.

அந்த வரி எண்ணையும் மென்பொருள் சரிபார்ப்பதில்லை. எதை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் பான் எண். அதில் முதல் ஐந்து எழுத்து, பிறகு நான்கு இலக்கம், பிறகு ஓர் எழுத்து என்ற ஒழுங்கு மாறாது. பதினைந்தாவதாக வருவது, முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. ஆகவே ஆங்கில ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தை அடித்தால், இடத்தை வைத்தே மென்பொருள் அதைத் தானாகத் திருத்திவிடலாம்; வேறொரு எழுத்து தவறினால் சரிபார்ப்புக் குறியை வைத்து அந்த நொடியே காட்டிவிடலாம். பார்ட்டி எதிரே நிற்கும்போது தெரியவரும் பிழையைத் திருத்த ஒரு கேள்வி போதும். கொடைரோடு தாண்டிய பிறகு தெரியவந்தால் அது வேறு கதை: ஆவணம் சரியில்லை என்றால் சி.ஜி.எஸ்.டி. (மத்திய ஜி.எஸ்.டி.) சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி சரக்கையும் வண்டியையும் தடுத்து வைக்க அதிகாரிகளுக்கு உரிமை இருக்கிறது. ஒரு பெட்டியின் எண் தவறியதற்காக லாரியிலுள்ள எல்லாருடைய சரக்கும் வழியில் நிற்கும்.

இ-வே பில்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் மாலை நேரத்தை அதிகம் தின்பது அதுதான். 2021 ஜனவரி முதல், சாதாரணச் சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்று அதன் ஆயுள் கணக்கிடப்படுகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் என்பதால் மூன்று நாள். சரக்கு திருச்சியில் வண்டி மாறி, அங்கே ஓர் இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமையும் குறுக்கிட்டால் அந்த மூன்று நாள் கரைந்துவிடும். ஆயுள் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பின் எட்டு மணி நேரம் வரை மட்டுமே அதை நீட்டிக்க முடியும். இப்போது அந்தக் கெடுவைக் கவனிப்பது யார்? சுவரில் மாட்டிய ஒரு நோட்டும், அதைப் பார்க்க நினைவிருக்கும் ஒரு ஊழியரும். மாதிரித் திரைகளில் மாத வருமானம், கிளைவாரி வளர்ச்சி என்று வண்ண வட்டங்கள் முதல் பக்கத்தை நிறைத்திருக்கின்றன. கெடு முடியப்போகும் இ-வே பில்களின் பட்டியலை எங்கேயும் காணோம். வட்டங்களைத் தாங்கள் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள். அந்தப் பட்டியல் குடோன் பொறுப்பாளருக்கு ஒவ்வொரு நாளும் காலையில் வேண்டும்.

அதே எண்ணை அரசு இணையதளத்தில் ஒருமுறை, நம் மென்பொருளில் ஒருமுறை, லோடிங் ஷீட்டில் ஒருமுறை என்று மூன்று முறை அடிப்பதும் முடிவுக்கு வர வேண்டும். மென்பொருளிலிருந்தே அந்தத் தளத்தோடு இணைவதற்கு முறையான வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், மாநிலம் தாண்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டதற்கும் இ-வே பில் வேண்டும் என்ற விதியைக் கூட மென்பொருளே பார்த்துக்கொள்ளலாம். போடிக்குப் போகும் பெட்டிக்கும் போடி தாண்டி மூணாறு போகும் பெட்டிக்கும் வேறுபாடு உண்டு என்பதை இப்போது கிளார்க்தான் தலையில் வைத்திருக்கிறார்.

பிழைச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்ட்டி எண் பட்டியலில் இல்லையென்றால் இப்போதைய மென்பொருள் ஆங்கிலத்தில் ஒரு பெட்டியைக் காட்டுகிறது: பி.ஓ.எஃப். அல்லது ஈ.ஓ.எஃப். உண்மை, அல்லது நடப்புப் பதிவு அழிக்கப்பட்டுவிட்டது, எண் 3021. அது நிரல் எழுதியவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. ‘பார்ட்டி எண் இல்லை, புதிதாகச் சேர்க்க எஃப்4’ என்பதுதான் அதன் பொருள் என்று மூத்தவர் ஒருவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டரின் விளிம்பில் ஒட்டியிருக்கிறார். இப்படி ஒட்டப்பட்ட தாள்களும், கயிற்றில் கட்டித் தொங்கும் ஊர்க் குறியீட்டு நோட்டும், மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய சீட்டுகளும் எல்லாக் கிளைகளிலும் இருக்கின்றன. புதிய மென்பொருளை வடிவமைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியவை அவைதாம். மென்பொருள் சொல்லத் தவறியதை ஊழியர்கள் எங்கெங்கே தாமே சொல்லிக்கொள்ள நேர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. கணினி மாற்ற வருபவர்கள் மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று அவற்றைக் கிழித்துப் போட்டுவிடாமல் இருக்கவேண்டும்.

ஊர்ப் பெயர்களின் சிக்கல் தலைமை அலுவலகத்திலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியலாம். திருப்பரங்குன்றத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது எச் போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு. ‘ப’வை இரட்டிப்போரும் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் தேடல் ‘இல்லை’ என்கிறது. உடனே அவசரத்தில் யாராவது புதிதாக ஒரு பதிவைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரே ஊர் நான்கு ஊராகிவிடுகிறது. இதற்கு மாறாக, ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் உண்டு. திருமங்கலம் இங்கே இருபது கிலோமீட்டரில் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. பேரையூர் நம் மாவட்டத்திலும் உண்டு, புதுக்கோட்டைப் பக்கமும் உண்டு. பட்டியலில் வெறும் பெயர் மட்டும் வந்தால், மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகத்தான் கை தூண்டும். பெயருக்குப் பக்கத்தில் மாவட்டமும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் வரட்டும். தமிழில் அடித்தாலும் ஆங்கிலத்தில் எப்படி அடித்தாலும் தேடல் கண்டுபிடிக்கட்டும். ஊர்ப் பெயரும் உருப்படி எண்ணிக்கையும் எல்.ஆரில் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சாகட்டும், ஏனென்றால் குடோனில் அதைப் படித்துச் சரக்கைப் பிரித்து அடுக்குபவர்களில் பலர் தமிழ் மட்டும் படிப்பவர்கள். பழைய தரவில் உள்ள தமிழ்ப் பெயர்கள் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருப்பதால் அப்படியே எடுத்து மாற்றினால் கிறுக்கலாகத்தான் வரும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது, அதற்கான மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றாமல் விட்டால் எல்லாவற்றையும் நாங்கள் இரவில் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டிவரும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றுக்கு வருகிறேன்: தவறைத் திருத்தும் வழி. இப்போது ஓர் எல்.ஆர். பதிவாகிவிட்டால் அதில் எடையைத் திருத்தக்கூட தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவு அனுமதி தர வேண்டும். அந்தப் பிரிவு மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். எங்கள் நெரிசலோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே 45 கிலோ என்பதை 54 என்று அடித்துவிட்ட கிளார்க், பழைய எல்.ஆரை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைப் போட்டு, முதலாவதன் மேல் பேனாவால் கோடு இழுத்து வைக்கிறார். மாதக் கடைசியில் அந்த டம்மி எல்.ஆர்களுக்குரிய சரக்கு எங்கே என்று விசாரணை வருகிறது. வித்தியாசத் தொகை சில நேரங்களில் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. மோசடியைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட பூட்டு, உண்மையான கணக்கையே மறைக்கும் இடமாகிவிட்டது. சரக்கு வண்டி ஏறும்வரை கிளையிலேயே திருத்தலாம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்தியவர், நேரம் நான்கும் அழியாமல் நிற்கும் என்று வைத்தால் கட்டுப்பாடும் இருக்கும், வேலையும் நடக்கும்.

ஒப்புதல் தருவோர் எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை குறையும் என்று எண்ணுவோர் சிட்டி வங்கிக்கு 2020 ஆகஸ்ட் 11-இல் நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, வங்கி அன்று வட்டியாக எழுபத்தெட்டு லட்சம் டாலர் அளவில் அனுப்ப வேண்டியிருந்தது. அசலும் சேர்ந்து ஏறத்தாழ 90 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. அசலை வெளியே விடாமல் நிறுத்த, வங்கியின் உள் மென்பொருளில் மூன்று கட்டங்களைக் குறியிட வேண்டும். ஒன்று மட்டும் குறியிடப்பட்டிருந்தது. மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்திருந்தார்கள். மூவருக்கும் அந்த ஒன்றே போதும் என்றுதான் தோன்றியது. கடைசித் திரை ஓர் எச்சரிக்கையையும் காட்டியது: பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரவா என்று. எவ்வளவு பணம் என்பதை அது சொல்லவில்லை. சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தரச் சிலர் மறுத்து, வழக்கு நடந்து, 2021 பிப்ரவரியில் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பாகி, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது. ஒரு தொகையை எச்சரிக்கைப் பெட்டியில் சேர்த்து அச்சிட்டிருந்தால் அந்த இரண்டாண்டு வழக்குக்கே வேலை இருந்திருக்காது. நம் மென்பொருளிலும் ‘நிச்சயமாகவா?’ என்ற பெட்டி ஒவ்வொரு எல்.ஆருக்கும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வருவதாலேயே யாரும் அதைப் படிப்பதில்லை. எடை வழக்கத்துக்கு மாறாக இருக்கும்போது மட்டும், ‘இந்தப் பார்ட்டிக்கு 540 கிலோவா?’ என்று எண்ணோடு கேட்டால் கை நிற்கும்.

கணினி சொல்வதே கணக்கு, ஊழியர் சொல்வது சாக்கு என்று கொள்வதன் விளைவைப் பிரிட்டன் அஞ்சல் துறை காட்டியிருக்கிறது. 1999-இல் தொடங்கிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்களும் ஊழியர்களும் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. நம் கிளைகளில் பிடித்தம் சில நூறு ரூபாயில் நிற்கிறது என்பது ஆறுதல் இல்லை. புதிய மென்பொருள் ஓடத் தொடங்கும் முதல் மூன்று மாதங்களுக்காவது, பதிவுப் பிழைகளுக்குச் சம்பளப் பிடித்தம் கிடையாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதை இந்த மடலின் கோரிக்கைகளில் ஒன்றாக வைக்கிறேன். அச்சம் இருக்கும் இடத்தில் குறைகளை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

எப்படிச் செய்வது என்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வடிவமைப்பாளர்கள் இருவர் ஒரு வாரம் கிளையில் உட்காரட்டும்; பகலில் இல்லை, மாலை நான்கு முதல் இரவு பத்து வரை. கேள்வி கேட்பதைவிடப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் கை செய்வதை வாய் முழுமையாகச் சொல்லாது. புக்கிங் மட்டும் போதாது: டெலிவரி மேசை, குடோன், ஓட்டுநரிடம் டிரிப் ஷீட் கொடுக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவரும்போது அங்குள்ள கடைகளுக்கு டெலிவரி வண்டி போக முடியாது. அந்த நாட்களில் நின்றுபோகும் சரக்கு எல்லாம் இப்போதைய மென்பொருளில் ‘பார்ட்டி எடுக்கவில்லை’ என்று பதிவாகி, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறி, கடைக்காரர் வந்து எங்களோடு சண்டை போடுகிறார். தாமதத்துக்கு வேறு காரணம் எழுத அதில் வழியில்லை. இது எந்தத் தேவைப் பட்டியலிலும் தானாக வந்து சேராது.

பிறகு, நிரல் எழுதுவதற்கு முன்பே, தாளில் வரைந்த திரைகளை வைத்து ஊழியர்களிடம் ஒரு பொய்ச் சரக்கைப் புக்கிங் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு பயனர் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைகளை வெளிக்கொணர்வார் என்றும், ஐந்து பேரோடு ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்றும் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரே வகை வேலை செய்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. ஆகவே புக்கிங்கில் ஐந்து பேர், டெலிவரியில் ஐந்து பேர், குடோனில் ஐந்து பேர் வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது கணினியைக் கண்டாலே முகம் சுளிப்பவர்களாக இருக்கட்டும்; ஆர்வக்காரர்களை மட்டும் கூப்பிட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையம் இல்லாவிட்டாலும் எல்.ஆர். போட முடிய வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் உசிலம்பட்டிக் கிளை யு.பி.எஸ்ஸிலும் ஒரு கைப்பேசியின் இணையத்திலும்தான் ஓடுகிறது. அச்சுக்கு லேசர் பிரிண்டர் என்று திட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சரக்கு ரசீதை மூன்று பிரதிகளாகத் தரச் சொல்கிறது. டாட் மேட்ரிக்ஸில் கார்பன் வைத்து ஒரே அடியில் வருவதை மூன்று தாளாக அச்சிட்டு, பிரித்து, ஸ்டேப்ளர் பின் அடிக்க எங்களுக்கு மூன்றாவது கை வேண்டும். எழுத்தின் அளவும் பின்னணியோடு அதன் மாறுபாடும் ஐம்பது வயது கடந்தவர்கள் குழல் விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்படி இருக்கட்டும்; மாதிரிப் படங்களில் உள்ள வெளிர் சாம்பல் எழுத்துகளை எங்களில் பாதிப்பேரால் படிக்கவே முடியவில்லை. பச்சை, சிவப்பு நிறங்களை மட்டும் நம்பி நிலையைக் காட்ட வேண்டாம். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

தேதியைப் பற்றி ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முன் மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது. அதற்குப் பிறகும் சிவகாசியிலிருந்து நாட்காட்டியும் டைரியும் வந்து குவியும் டிசம்பர் இருக்கிறது. பொங்கல் கழிந்து சரக்கு மட்டுப்பட்ட பிறகு, ஒரே ஒரு கிளையில், பழையதும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, புதியதைத் தொடங்குங்கள். எங்கள் கிளை அதற்கு முன்வருகிறது. இதைச் சக ஊழியர்களிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். அங்கே கண்ட குறைகள் திருத்தப்பட்ட பிறகு திருமங்கலம், மேலூர் என்று அருகிலுள்ள கிளைகளுக்குப் போகலாம்.

அதற்கு முன்னால், அடுத்த செயல்விளக்கக் கூட்டத்தைத் தலைமை அலுவலகத்தின் குளிர்சாதன அறையில் வைக்காமல், ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கீழவாசலில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மென்பொருள் நிறுவனத்தாரும் தாங்களும் வந்து, உண்மையான பார்ட்டிகள் எதிரே நிற்க, அந்தத் திரையில் ஓர் எல்.ஆர். போட்டுக் காட்டுங்கள். ஒரு மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் ஒழித்து வைக்கிறோம். மடிக்கணினியைத் தூசி படாமல் மூட ஒரு துணியைக் கையோடு கொண்டுவரவும், ஏனென்றால் அந்த நேரத்தில் மிளகாய் வற்றல் மூட்டைகளும் ஏறும்.

இப்படிக்கு,
புக்கிங் பிரிவு ஊழியர்களின் சார்பில் ஒருவர்,
மதுரை.